மலை தாண்டிய குடிகள்

அரசு நிலைகுலைந்து, நீதி மறைந்து, பஞ்சமும் பிணியும் பெருகுங்காலத்தில், "இனி எந்த நாட்டிற்குச் செல்வது?" என்னும் வினா மக்கள் மனத்தில் எழுதல் இயற்கை. 2020-இல் கொடுந்தொற்று உலகையே முடக்கியபோதும், அதன்பின் போர்ச் செய்திகள் வந்தவண்ணம் இருந்தபோதும், நம் காலனி வீடுகளிலும் இவ்வினா எழக் கேட்டோம். கனடாவா, ஆஸ்திரேலியாவா, நியூசிலாந்தா என்று நம் இளைஞர்கள் ஆராய்கின்றனர். அவர்களைக் குறை கூறுதல் நம் கருத்தன்று. ஆயினும் இவ்வாராய்ச்சி புதியதன்று. நாம் வாழும் பாலக்காட்டு நிலமும், அதற்குத் தெற்கே வானளாவி நிற்கும் இடுக்கி மலைகளும், இதே வினாவிற்கு நம் முன்னோர் கண்ட விடைகளைத் தாங்கி நிற்கின்றன. அவ்விடைகளுள் எவை நிலைத்தன, எவை தளர்ந்தன என்பதைச் சங்கத்து அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுரை நிலைகுலைந்த காலம்

மாறவர்மன் குலசேகர பாண்டியனுக்குப் பின், அவன் மக்களாகிய சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரியணை வேண்டித் தம்முள் போரிட்டனர். உட்பகை திறந்த வாயிலில் வெளிப்பகை நுழைந்தது. 1311-இல் மாலிக் காபூரின் படை மதுரையை அடைந்தது. 1330-களில் அங்கே சுல்தான்களின் தனியரசு எழுந்தது. 1370-களில் விஜயநகரத்துக் குமார கம்பணர் வெற்றி கொள்ளும் வரை அது நீடித்தது. இடையே 1340-களில் மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா, அந்நகரில் மக்களை விரைந்து மாய்த்த கொள்ளை நோயைப் பற்றித் தம் பயண நூலில் எழுதியுள்ளார். திருவரங்கத்து உற்சவத் திருமேனியும் ஊர்விட்டு ஊர் கொண்டு செல்லப்பட்டு, 1371-இல்தான் மீண்டும் தன் கோயிலை அடைந்தது. தெய்வத் திருமேனிக்கே இடப்பெயர்ச்சி நேர்ந்ததெனின், குடிமக்களின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அக்காலத்தும் அதற்குப் பின் வந்த குழப்பக் காலங்களிலும் குடிகள் பலர் மேற்கு நோக்கிச் சென்றனர். கம்பம் பள்ளத்தாக்கு வழியாகவும் போடி மலை வழியாகவும் சிலர் ஏறினர். உடுமலையிலிருந்து சின்னாறு வழியாகச் சிலர் சென்றனர். வடக்கே, மலைத்தொடரில் சற்றேறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்திற்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் சிலர் வந்தனர். 1862-இல் இருப்புப்பாதை நுழைந்ததும் அக்கணவாயிலேதான்.

நமக்கு மாற்றல் உத்தரவு வந்தால் என்ன செய்கிறோம்? புதிய ஊரில் குடிநீர் உண்டா, பள்ளிக்கூடம் உண்டா, குவார்ட்டர்ஸ் கிடைக்குமா, நம்மவர் எவரேனும் இருக்கின்றனரா என்று விசாரிக்கிறோம். உயிருக்கு அஞ்சிப் புறப்பட்டவர்களும் கண்ணை மூடிக்கொண்டு ஓடவில்லை என்றே தோன்றுகிறது. அவர்கள் தங்கிய இடங்களை நோக்கினால் மூன்று பொருத்தங்கள் தெளிவாகின்றன. அவை வழி, நீர், உறவு என்பன.

அஞ்சுநாடு

மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களைக் கொண்டது அஞ்சுநாடு. இன்று இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில் அமைந்துள்ளது. மதுரைச் சீமையிலிருந்து கலகத்திற்கு அஞ்சி வந்தோரின் வழியினர் தாங்கள் என்பது அம்மக்களிடையே வழங்கும் மரபு. எந்தப் படையெடுப்பு என்பதில் கதைகள் வேறுபடுகின்றன. வந்த இடத்தைத் தேர்ந்த திறம் வியக்கத்தக்கது. சுற்றிலும் மலை அரண். நடுவே உழுதற்கேற்ற பள்ளத்தாக்கு. கேரளத்து ஆறுகளில் மிகப் பல மேற்கே கடலுக்கு ஓட, அங்குள்ள பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. விட்டு வந்த தமிழ் நிலத்தின் தொடர்பை ஆறே காத்து நின்றது எனலாம்.

இவற்றினும் பெரியது அவர்கள் செய்த உடன்படிக்கை. பலவாறாகப் பிரிந்திருந்தவர்கள் பாலைச் சான்றாக வைத்து ஆணையிட்டு, ஒரு குலமாக இணைந்தனர் என்பது அம்மரபு. மன்றாடியார், மந்திரியார் முதலிய ஊர்ப் பதவிகளையும் வகுத்து, வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்டனர். இன்றும் அவ்வூர்களில் தமிழ் ஒலிக்கிறது. மறையூர் வெல்லம் 2019-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

முதுவர் குடியினரும் மதுரையிலிருந்து வந்தோம் என்றே சொல்லுகின்றனர். மீனாட்சியம்மையின் திருவுருவை முதுகில் சுமந்து வந்தமையால் அப்பெயர் பெற்றனர் என்பது அவர்தம் வழக்கு. பூஞ்ஞாறு, பந்தள அரச மரபினரும் தம்மைப் பாண்டியர் வழியினராகவே கருதுவர். அரசனும் குடியானவனும் அடைக்கலம் தேடி ஒரே மலையில் ஏறினர்.

கல்பாத்தி

பாலக்காட்டு வரலாறு சிறிது வேறு. இங்குள்ள அரசர்க்கும் நம்பூதிரியர்க்கும் பிணக்கு ஏற்பட, அவர் தஞ்சைப் பகுதியிலிருந்து தமிழ் அந்தணரை அழைத்துக் குடியமர்த்தினார் என்பது மரபு. கல்பாத்தி விசுவநாத சுவாமி கோயில் எழுந்தது கொல்லம் ஆண்டு 600, அதாவது 1425-ஐ ஒட்டி என்பர். வந்தவர்க்கு இடம் வேண்டியிருந்தது; இடம் தந்தவர்க்கு வந்தவரின் பணி வேண்டியிருந்தது. இருபக்கத் தேவையும் ஒத்தமையால் அக்குடியேற்றம் வேரூன்றிற்று. ஆற்றங்கரையில் கிராமங்கள் அமைந்தன; மாயூரத்துத் தேர்விழாவை நினைவூட்டும் தேர்விழாவும் எழுந்தது.

கூலிக்கு ஏறியவர்கள்

1877-இல் பூஞ்ஞாற்று அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்கு உரிமையாக்கினார். அடைக்கலமாயிருந்த மலை தோட்டமாயிற்று. கங்காணிமார் அழைத்து வர, தென்பாண்டிச் சீமையினின்று ஏழை மக்கள் மலையேறினர். அவர்களுக்கு வழி இருந்தது, நீரும் இருந்தது. ஆனால் நிலத்தில் உரிமை இல்லை. இருந்த லயமும் வேலை உள்ளவரைதான். 2020 ஆகஸ்டு 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோது, 70 பேர் மாண்டனர். தாம் தேர்ந்தெடுக்காத இடத்தில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

கடல் கடந்தோர் வரலாறும் இதனையே கூறும். பர்மாவை விடச் செழித்த நாடு உண்டோ என்று எண்ணிச் சென்றனர். 1942-இல் சப்பானியப் படை புகுந்தபோது நான்கு லட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். காடு மலை கடந்து கால்நடையாக வந்தோர் பலர், வழியிலேயே மாண்டோரும் பலர். இலங்கைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் உருவாக்கிய மக்கள் 1948-இல் குடியுரிமை இழந்தனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்ப வகை செய்தது. நெல்லும் தேயிலையும் விளைந்தும் என்ன பயன்? அந்நாட்டில் நிற்கும் உரிமை விளையவில்லையே!

நமக்குரிய பாடம்

தேவிகுளம், பீர்மேடு, சிற்றூர் வட்டங்களைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமென்று ஒருகாலத்தில் கிளர்ச்சி நடந்தது. 1956 நவம்பர் 1-இல் அவை கேரளத்திலேயே அமைந்தன. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை பற்றிய பூசல் முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல அச்சத்தால் தேனிப் பக்கம் இறங்கின. முன்னோர் அஞ்சி ஏறிய மலையிலிருந்து பின்வந்தோர் அஞ்சி இறங்கினர். இதனால் அறியத்தகுவது யாது? என்றும் அடைக்கலமாக நிற்கும் நாடென்று ஒன்றும் இல்லை. அயலாரின் நட்பும் சட்டத்தின் உரிமையும் சேர்ந்தே ஒரு நிலத்தை அடைக்கலமாக்குகின்றன. அவ்விரண்டையும் ஆபத்து வந்தபின் தேடுதல் இயலாது. அமைதிக் காலத்திலேயே ஈட்டிக்கொள்ள வேண்டும்.

வள்ளுவப் பெருந்தகை 'நாடு' என்றோர் அதிகாரமே வகுத்தார். அதனை நம் பிள்ளைகள் ஓதட்டும். வெளிநாடு செல்ல விரும்புவோர் ஊதியத்தைக் கேட்கும் முன்னர், அங்குக் குடியுரிமை எவ்வாறு கிடைக்கும், அண்டை வீட்டார் எத்தகையர், திரும்பும் வழி யாது என்று கேட்டறிக. இங்கேயே இருப்போர் மலையாளத்தைப் பிழையறக் கற்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ஓணத்திற்கு அண்டை வீட்டாரோடும், பொங்கலுக்கு அவர்கள் நம்மோடும் உண்ண வேண்டும். வீட்டில் தமிழ் விளக்கு அணையாமல் காக்க வேண்டும்.

அஞ்சுநாட்டார்க்குப் பாலின்மேல் இட்ட ஆணை எதுவோ, நமக்கு இச்சங்கம் அது. பல மாவட்டங்களிலிருந்தும் பல குலங்களிலிருந்தும் மாற்றல் உத்தரவால் கூடிய நாம், இதன் நிழலில் ஒரு குடும்பமாக நிற்போமாக. இடர் வரும் நாளில் எங்கே ஓடுவது என்று தேடாமல், ஒருவர்க்கொருவர் துணை நிற்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!