35 ரூபாய்க்கு இசைந்தவர்கள்: ஊதியத்தை நிர்ணயிப்பது அரசா, சந்தையா?

1953ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள். அன்று தனி மாநிலமாக இருந்த அஜ்மீரில் பிஜய் காட்டன் மில்ஸ் என்ற பஞ்சாலை மூடப்பட்டது. அங்கு வேலை செய்துவந்தவர்கள் ஏறத்தாழ 1,500 பேர். அவர்களுள் 1,100 பேர் நிர்வாகத்திடம் ஒரு விண்ணப்பம் அளித்ததாகப் பின்னர் உச்ச நீதிமன்றத்தில் கூறப்பட்டது. மாதம் 35 ரூபாய் கொடுத்தால் போதும், ஆலையைத் திறந்துவிடுங்கள் என்பதே அதன் சாரம். நிர்வாகம் இசைந்தது; சட்டம் இசையவில்லை. அஜ்மீர் அரசு நிர்ணயித்திருந்த குறைந்தபட்ச ஊதியம் மாதம் 56 ரூபாய். அதற்குக் குறைத்துக் கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம்.

கொடுப்பவரும் பெறுபவரும் ஒப்புக்கொண்ட கூலியை மூன்றாமவராகிய அரசு தடுக்கலாமா? பொருளியல் வகுப்பறைகளில் இக்கேள்வி தேவை, அளிப்பு என்னும் இரு கோடுகளால் விளக்கப்படுகிறது. சந்தை விலைக்கு மேலே ஒரு தளம் போட்டால் வேலை குறையும் என்பார் ஒரு சாரார். கூலி கொடுப்பவர் ஓரிருவராகவும் கேட்பவர் பலராகவும் இருக்கும் இடத்தில் சந்தைக் கூலியே தாழ்த்தப்பட்ட கூலி என்று 1933இல் ஜோன் ராபின்சன் முன்வைத்த கருத்தின் வழியில் மறுப்பார் மற்றொரு சாரார். அஜ்மீர் வழக்கு இவ்விரு வாதங்களுக்கும் இடம் தருகிறது. ஆயினும், அதன் விவரங்களுக்குள் புகுந்தால் கேள்வியே வேறு உருவம் கொள்கிறது.

முதலில் கவனிக்க வேண்டியது, அந்த 35 ரூபாயும் சந்தை கண்ட விலை அன்று என்பதே. ஆலையின் ஊதியத் தகராறு 1950ஆம் ஆண்டிலேயே தொழில் தீர்ப்பாயத்திற்கு அனுப்பப்பட்டிருந்தது. ஆலையின் வருவாய்த் திறன் கூடுதல் ஊதியத்திற்கு இடம்தராது என்று கருதிய தீர்ப்பாயம் இறுதியில் 35 ரூபாயில் நின்றது. தகராறு நிலுவையில் இருக்கும்போதே, 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் 1952இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரையை ஏற்று, 1953 ஜனவரியில் 56 ரூபாய் நடைமுறைக்கு வந்தது. ஆக, இரண்டு எண்களும் அரசு ஏற்படுத்திய அமைப்புகளிலிருந்தே பிறந்தவை. ஒன்று முதலாளியின் கணக்கேட்டிலிருந்து தொடங்கியது. மற்றொன்று தொழிலாளியின் தேவையிலிருந்து. ஆலையால் எவ்வளவு முடியும் என்பதும் மனிதன் உயிர்வாழ எவ்வளவு வேண்டும் என்பதும் மோதிய வழக்கு அது.

அரசு தலையிடாத ஊதியச் சந்தை என்ற ஒன்று அதற்கு முந்தைய நூற்றாண்டிலேனும் இருந்ததா? 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் இதற்குத் தெளிவான விடை தருகிறது. முன்பணம் பெற்ற கைவினைஞரோ கூலியாளோ ஒப்புக்கொண்ட வேலையை விட்டு நீங்கினால், மூன்று மாதம் வரை சிறையில் அடைக்க அச்சட்டம் வழிசெய்தது. கல்கத்தா போன்ற மாகாணத் தலைநகரங்களுக்கென இயற்றப்பட்ட அது, தோட்டப் பகுதிகள் வரை நீட்டிக்கப்பட்டது. வேலையை விட்டு விலகும் உரிமையே தொழிலாளி பேரம் பேசுவதற்கான ஒரே பிடி. அந்தப் பிடியைச் சிறைவாசலில் பறித்துக்கொண்ட பிறகு அமையும் கூலியைச் சந்தைக் கூலி என்று அழைப்பது சொல்லுக்கே பொருந்தாது.

அசாம் தேயிலைத் தோட்டங்களின் வரலாறு இன்னும் கசப்பானது. வங்காள அரசின் 1865ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டத் தொழிலாளியின் மாத ஊதியத்தை ஆணுக்கு 5 ரூபாய், பெண்ணுக்கு 4 ரூபாய், சிறாருக்கு 3 ரூபாய் என எழுதிவைத்தது. குறைந்தபட்ச ஊதியத்தைச் சட்டத்தில் எழுதும் வழக்கம் இந்நாட்டிற்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அதே சட்டம், தோட்டத்தை விட்டு ஓடும் தொழிலாளியைப் பிடியாணை இன்றிக் கைதுசெய்யும் அதிகாரத்தைத் தோட்ட உரிமையாளரின் கையிலும் கொடுத்தது. தளமாகப் போடப்பட்ட 5 ரூபாய் நடைமுறையில் கூரையாக மாறியது. 1901ஆம் ஆண்டுச் சட்டத்தின்போது அசாமின் தலைமை ஆணையர் ஹென்றி காட்டன் ஊதிய உயர்வை வலியுறுத்தினார். தோட்ட உரிமையாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். முடிவில் வந்த சட்டத்திலும் முதலாண்டு ஒப்பந்தத் தொழிலாளியான ஆணுக்கு அதே 5 ரூபாய்தான். கைதுசெய்யும் தனி அதிகாரம் 1908இல்தான் விலக்கப்பட்டது. 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமலேந்து குகா, ராணா பெஹல் முதலிய வரலாற்றாசிரியர்கள் இக்காலத்தை விரிவாக ஆராய்ந்துள்ளனர்.

ஊதியக் களத்தில் அரசு எப்போதும் இருந்தது. எவர் பக்கம் நின்றது என்பதே காலத்திற்கேற்ப மாறியது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

அரசையும் சந்தையையும் சாராத மூன்றாம் வழி ஒன்றை 1918ஆம் ஆண்டின் அகமதாபாத் முயன்று பார்த்தது. பிளேக் நோய்க்காலத்தில் கொடுக்கப்பட்ட சிறப்புப் படியை ஆலை உரிமையாளர்கள் நிறுத்தியபோது எழுந்த போராட்டம் அது. உரிமையாளர்கள் 20 விழுக்காடு உயர்வு தர முன்வந்தனர். காந்தியின் வழிகாட்டலில் தொழிலாளர்கள் 35 விழுக்காடு கேட்டனர். வேலைநிறுத்தமும் காந்தியின் உண்ணாநோன்பும் நடுவர் தீர்ப்பில் முடிந்தன. நடுவரான ஆனந்தசங்கர் துருவா 35 விழுக்காட்டையே வழங்கினார். அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்கள் இருந்த நகரத்தில் அது இயன்றது. பீடி சுற்றுபவர், கல் உடைப்பவர், அரிசி ஆலையில் நெல் காய வைப்பவர், பிறர் வயலில் உழைப்பவர் ஆகியோருக்கு அத்தகைய சங்கமும் இல்லை, நடுவரும் இல்லை.

அவர்களை மனத்தில் கொண்டு எழுந்ததே குறைந்தபட்ச ஊதியச் சட்டம். வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்த அம்பேத்கர், 1946 ஏப்ரலில் மத்திய சட்டப்பேரவையில் இதற்கான மசோதாவை அறிமுகப்படுத்தினார். விடுதலைக்குப் பின் ஜகஜீவன் ராம் அத்துறையின் அமைச்சராக இருந்தபோது, 1948இல் அது சட்டமாயிற்று. சங்கம் வலுவாக இருந்த பெரிய ஆலைகளைவிட, பேரம் பேச வலுவற்றவர்கள் நிறைந்த தொழில்களே அதன் அட்டவணையில் முன்னிடம் பெற்றன: கம்பள நெசவு, அரிசி ஆலை, பீடி, தோட்டம், சாலைப் பணி, கல் உடைப்பு, தோல் பதனிடல்; இரண்டாம் பகுதியில் வேளாண்மை. சட்டத்தின் 25ஆம் பிரிவு மிகவும் கூர்மையானது. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுத்துத் தொழிலாளி செய்யும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது அது. 1859ஆம் ஆண்டின் சட்டம் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் சட்டம் ஒப்பந்தத்தையே செல்லாததாக்கியது. இடையில் 89 ஆண்டுகள்.

அஜ்மீர் வழக்கு இச்சட்டத்தின் உயிரைச் சோதித்தது. தொழில் நடத்தும் அடிப்படை உரிமையை இது நசுக்குகிறது என்றது ஆலை நிர்வாகம். தாங்கள் விரும்பும் கூலிக்கு உழைக்கும் உரிமையை இது பறிக்கிறது என்று தொழிலாளர் சிலரும் தனி மனு தொடுத்தனர். முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கத்தில் நின்று அரசை எதிர்த்த அரிய காட்சி அது. 1954 அக்டோபரில் நீதிபதி பி. கே. முகர்ஜியா எழுதிய தீர்ப்பு இரு மனுக்களையும் தள்ளியது. வறுமையும் ஆதரவின்மையும் காரணமாகத் தொழிலாளர் குறைந்த கூலிக்கு இசையக்கூடும் என்பதாலேயே அந்த இசைவை மீறிச் சட்டம் அவர்களைக் காக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. வாழ்வூதியத்தை அரசின் இலக்காக்கும் அரசமைப்பின் 43ஆம் பிரிவு இதற்குத் துணையாக நின்றது. கேரள ஓட்டுத் தொழில் தொடர்பான உன்னிச்சோயி வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும்போது முதலாளியின் கொடுக்கும் திறனைக் கருத வேண்டியதில்லை என்று நீதிமன்றம் மேலும் தெளிவாக்கியது. 35 ரூபாயின் தர்க்கம் வீழ்ந்து 56 ரூபாயின் தர்க்கம் வென்றது.

ஆனால் தேவையை அளப்பது எப்படி? 1948ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு அளவுகோல் எதையும் வகுக்கவில்லை. அந்த இடைவெளியை 1957ஆம் ஆண்டு நடந்த 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு நிரப்பியது. அரசு, முதலாளி, தொழிலாளி என்ற முத்தரப்பும் ஒப்புக்கொண்ட நெறி அது. உழைக்கும் ஒருவருக்கு மூன்று நுகர்வு அலகுகள் கொண்ட குடும்பம். ஓர் அலகிற்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு. நால்வருக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி. அரசின் தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை ஒட்டிய வாடகை. எரிபொருள், விளக்கு முதலியவற்றுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. உணவுக்கணக்கு, குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வகத்தை நடத்திய மருத்துவர் அய்க்ராய்டின் பரிந்துரையைச் சார்ந்தது. நீலகிரி மலையில் நடந்த உணவாய்வு நாடு முழுவதற்குமான கூலிக்கணக்கின் அடிப்படையாயிற்று. இதில் ஆண் ஓர் அலகு, பெண் 0.8, இரு குழந்தைகள் சேர்ந்து 1.2. பெண்ணின் சம்பாத்தியம் கணக்கில் சேரவில்லை என்பது ஊதியத்தை உயர்த்த உதவியது. ஆனால் உழைக்கும் பெண்ணைச் சார்ந்திருப்பவளாக மட்டும் காணும் பார்வையும் அவ்வெண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. 1991இல் ரெப்டகோஸ் பிரெட் வழக்கில், குழந்தைகளின் கல்வி, மருத்துவம், முதுமை முதலியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டை உச்ச நீதிமன்றம் சேர்த்தது.

அரசை இவ்வரலாற்றின் நாயகனாக்கி முடித்துவிட இயலாது. முத்தரப்பு நெறியில் தானும் கையெழுத்திட்ட அரசு, முதலாளியாக மாறும் இடங்களில் தயங்கியது. இரண்டாவது ஊதியக் குழு அந்நெறியை ஏற்காமல் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச ஊதியத்தை 80 ரூபாயாகப் பரிந்துரைத்தது. 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானப் பணிகள் பற்றிய வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்திற்குக் குறைவான கூலிக்கு வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். பசி ஒருவரை வேலைக்குத் தள்ளுவதும் கட்டாயமே என்ற அக்கருத்து, 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நேரடித் தொடர்ச்சி.

மறு ஆண்டே வழக்கு மீண்டும் அஜ்மீர் மாவட்டத்திற்குத் திரும்பியது. மதன்கஞ்சிலிருந்து ஹர்மாரா செல்லும் சாலையைப் பஞ்ச நிவாரணப் பணியாக ராஜஸ்தான் அரசு அமைத்துவந்தது. மண் சுமந்தவர்களுள் பெண்களே மிகுதி. நிவாரணப் பணிக்குத் தொழிலாளர் சட்டங்களிலிருந்து விலக்களிக்கும் 1964ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தைக் காட்டிக் குறைந்த கூலி வழங்கப்பட்டது. பஞ்சத்தில் பிழைக்க வந்தவரின் நிலையைப் பயன்படுத்திக் கூலியைக் குறைக்க அரசுக்கு உரிமையில்லை என்று சஞ்சித் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், அதன் 6ஆம் பிரிவில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்திற்குக் கட்டுப்படாமல் கூலியை நிர்ணயிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு வழங்கியது.

தேசிய அளவிலான தளக் கூலியின் கதையும் மெதுவாகவே நகர்ந்தது. சட்ட வலிமை இல்லாத பரிந்துரையாக 1996இல் அது நாளொன்றுக்கு 35 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. 2019இல் அனூப் சத்பதி தலைமையிலான வல்லுநர் குழு 375 ரூபாயைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு தளக் கூலிக்குச் சட்ட வடிவம் தந்தது. எண்ணைப் பின்னர் அரசு அறிவிக்கும் என விட்டுவைத்தது.

அரசா, சந்தையா என்ற கேள்வியை இவ்வரலாறு இரண்டாகப் பிரிக்கிறது. எந்தக் கணக்கிலிருந்து எண் பிறக்கிறது என்பது முதலாவது. அந்த எண் அதை நிர்ணயித்தவரையும் கட்டுப்படுத்துகிறதா என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு 1954உம் 1957உம் தெளிவான விடை தந்தன. இரண்டாவதில் விடை இன்னும் அரைகுறையே.

மூன்றாவது கேள்வி ஒன்றை அந்த 1,100 பேரும் விட்டுச்சென்றுள்ளனர். மலிவாக விற்கப்படுவதிலிருந்து சட்டம் அவர்களைக் காத்தது. ஆனால் ஆலை மூடிக்கிடந்த மாதங்களில் அவர்களின் அடுப்பு எரிய அதே சட்டத்தில் வழி எதுவும் இல்லை. மாதம் 35 ரூபாய்க்கு அவர்கள் இசைந்ததைப் பேரத்தின் முடிவாக அன்றி, பசியின் குரலாகவே நீதிமன்றம் கேட்டது. அது சரியாகவே கேட்டது. ஆயினும், இந்தக் கூலிக்குக் கீழே உழைக்காதே என்று ஒருவரிடம் சொல்லும் அரசு, அவர் உழைக்காதிருக்கும் நாளில் உண்பதற்கான பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஊதியத் தளத்திற்குக் கீழே அந்த இரண்டாவது தளம் இல்லாதவரை, சட்டம் வென்ற வழக்கிலும் தொழிலாளி தோற்கக்கூடும்.