எட்டு ஆட்டம், மூன்று விதக் கடிகாரம்

1998 யூலையில் விஸ்வநாதன் ஆனந்த் ஒரு கணினியிடம் தோற்றார். இத்தாலியின் இஸ்கியா தீவில், எட் ஷ்ரோடர் உருவாக்கிய ரெபெல் 10 என்ற செஸ் எஞ்சினோடு எட்டு ஆட்டங்கள். முடிவு 5–3. ஆனந்த் அப்ப உலகத் தரவரிசையில் இரண்டாவது ஆள். முந்தின வருசம்தான் டீப் புளூ கஸ்பரோவை வீழ்த்தியிருந்தது. ஆக, 'மனுசர்ட கதை முடிஞ்சுது' எண்டு வாசிக்க லேசான செய்தி.

ஆனால் அந்த 5–3ஐப் பிரிச்சுப் பார்க்க வேணும். நாலு ஆட்டம் அஞ்சு நிமிச பிளிட்ஸ்: ரெபெல் 3–1. இரண்டு ஆட்டம் பதினஞ்சு நிமிசம்: ரெபெல் 1½–½. கடைசி இரண்டும் வழமையான போட்டி நேரம், 40 நகர்வுக்கு இரண்டு மணித்தியாலம்: அதில் ஆனந்த் 1½–½. ஆளும் எஞ்சினும் அதேதான், கடிகாரம் மட்டும்தான் மாறினது. அவசரத்தில் மனுசர் ஒரு காயைக் கவனிக்காமல் விடுவார், எஞ்சின் விடாது. நேரம் கிடைச்சால், அந்தக் காலத்து எஞ்சினுக்கு எட்டாத தூரத்துத் திட்டத்தை ஆனந்த் போடுவார். அப்ப 'யார் பலம்?' எண்டு மொட்டையாக் கேட்டால் பதில் இல்லை.

எஞ்சினும் எஞ்சினும் மோதினாலும் இதே சிக்கல்தான். 2017 டிசம்பரில் டீப்மைண்ட் நிறுவனம் தன்ர அல்ஃபாசீரோவை ஸ்டொக்ஃபிஷ் 8உடன் விளையாட விட்டது. (ஸ்டொக்ஃபிஷ் எண்டால் உப்பில்லாமல் காயவைச்ச மீன், எங்கட பாசையில கருவாடு. நோர்வேக்காரர் ஒருவர் எழுதிய எஞ்சினை 2008இல் இத்தாலிக்காரர் ஒருவர் எடுத்து வளர்த்தார். நோர்வேயில் காயவைச்சு இத்தாலியில் சமைக்கிற சாமான் எண்டதால அந்தப் பேர். வாவிக்கரையில இருக்கிற எங்களுக்கு இது நல்லாப் பிடிச்சது.) 100 ஆட்டத்தில் அல்ஃபாசீரோவுக்கு 28 வெற்றி, மிச்சம் 72உம் சமநிலை. கருவாட்டுக்கு ஒண்டுமில்லை.

உடனே சண்டை தொடங்கினது. ஸ்டொக்ஃபிஷுக்கு 64 திரெட் குடுத்துப்போட்டு, கணக்குப் போட்டதை நினைவில் வைக்கிற ஹாஷுக்கு 1 ஜிபி மட்டும் ஒதுக்கியிருந்தாங்க. நகர்வுக்குச் சரியா ஒரு நிமிசம். எங்க நேரத்தை மிச்சம் பிடிக்கிறது, எங்க செலவழிக்கிறது எண்டு ஸ்டொக்ஃபிஷ் கற்று வைச்சிருந்த கெட்டித்தனம் அதோட வீண். எங்களுக்கு அந்த முறைப்பாடு நியாயமாத்தான் படுது. 2018இல் திருத்தின ஏற்பாட்டில் 1000 ஆட்டம்: ஹாஷ் 32 ஜிபி, ஆளுக்கு மூன்று மணித்தியாலம், நகர்வுக்கு 15 விநாடி கூடுதல். அல்ஃபாசீரோ 155 வென்றது, 6 தோற்றது. வெற்றியாளர் மாறேல்ல. ஆனால் 'தோல்வியே இல்லை' எண்ட கதை போயிற்று.

அல்ஃபாசீரோ பொதுப்போட்டி எதுக்கும் வரேல்ல. அதன் வழியைப் பார்த்துத் தன்னார்வலர்கள் கட்டின லீலாதான் வந்தது. 2010இல் தொடங்கின டிசெக் எண்ட எஞ்சின் போட்டியில் எல்லாருக்கும் ஒரே நேரக்கட்டுப்பாடு. ஒவ்வொரு தொடக்க நிலையையும் நிறம் மாத்தி இரண்டு தரம் ஆட வேணும், அதால வெள்ளைக்குச் சாதகமான தொடக்கம் ஒருவருக்கு மட்டும் அதிர்ஷ்டமாகாது. 2019இல் அங்க லீலா ஸ்டொக்ஃபிஷை 53½–46½ எண்டு வென்றது. நாங்க நம்புற எண் இதுதான், 28–0 அல்ல.

ஸ்டொக்ஃபிஷ் ஆக்கள் தங்களுக்குள்ளயும் அதே கறார். 2013 தொட்டு ஃபிஷ்டெஸ்ட் நடக்குது. யாரும் ஒரு மாற்றத்தை அனுப்பலாம், யாரும் தன்ர கணினியைச் சோதனைக்கு இரவல் குடுக்கலாம் (கரண்ட் பில் உங்கட பாடு). பழைய வடிவமும் புதிய வடிவமும் ஆயிரக்கணக்கில் மோதும். முதல் சுற்றில் முழு ஆட்டத்துக்கும் ஒரு பக்கத்துக்குப் பத்து விநாடிதான், நகர்வுக்கு ஒரு துளி கூடுதல். தாண்டினால் ஒரு நிமிசச் சுற்று. பத்து விநாடியில் வென்று ஒரு நிமிசத்தில் விழுகிற யோசனைகள் இருக்கு. அவை ஸ்டொக்ஃபிஷுக்குள்ள போறதில்லை.