காரீயமும் ஓர் அட்டவணையும்

எங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் ஈயம் ஒரே சொல்தான். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். வலையில் கோர்க்கும் குண்டு காரீயம், நஞ்சு. பேச்சு பிரிக்காததைச் சட்டம் 1948இல் பிரித்தது. 2025இல் நீக்கப்படும்வரை தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களில் முதலாவதாக இருந்தது காரீய நஞ்சு. கண்டறியும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத வேண்டியிருந்தது. ஆக, தொழிலாளியின் உடல்தான் பரிசோதனைக் கருவி. அது கெட்ட பிறகே கணக்கு தொடங்குகிறது.

தொண்ணூறுகளின் இறுதியில் பெங்களூர் ஜார்ஜ் ஃபவுண்டேஷன், சென்னை உள்ளிட்ட நகரங்களில் ரத்தத்தைச் சோதித்தது. 12 வயதுக்குட்பட்டோரில் பாதிப்பேருக்கு மேல் டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தார்கள். பழி பெட்ரோல்மீது விழுந்தது, நியாயம்தான். 2000இல் ஈயப் பெட்ரோல் நின்றது. வீட்டுப் பெயிண்டுக்கு 90 பிபிஎம் என்ற வரம்பு 2016இல்தான் வந்தது. 2017 நவம்பரில் நடைமுறையானது.

ஆனால் விதி டப்பாவோடு நின்றுவிடுகிறது. ஏற்கெனவே சுவரிலும் கதவிலும் ஏறிவிட்ட பூச்சு? அமெரிக்காவில் 1978க்கு முந்திய வீட்டை விற்பவர் தமக்குத் தெரிந்த ஈய அபாயத்தைச் சொல்லியாக வேண்டும். பூச்சை உரிக்காமலேயே காட்டிவிடும் எக்ஸ்ரே கருவிகளும் உண்டு. எங்க தெருவில் பொங்கலுக்கு முந்தி, "பழசச் சொரண்டிட்டு அடிங்க அண்ணாச்சி" என்பதோடு சரி. உப்புத்தாளை உலர்வாகத் தேய்க்கும்போது எழும் தூசிதான் மோசமானது. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் அவ்வளவு பறக்காது. அண்ணாச்சி அதை வாயால் ஊதித் தள்ளுகிறார். பிள்ளைகள் திண்ணையிலேயே விளையாடுகிறார்கள். வீடு தொழிற்சாலை இல்லை என்பதால் அந்த அட்டவணைக்குள் அவரும் இல்லை, அவர்களும் இல்லை.