புதினங்களுக்குத் தீர்ப்பு எழுதியோர்

ஸ்பெயின் நாட்டுப் பேரிலக்கியமான 'டான் குயிக்சாட்'டின் முதற்பாகம் 1605-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் ஆறாம் அதிகாரத்தில் ஊர்ப் பங்குக் குருவானவர் ஒருவர் புதினங்களுக்குத் தீர்ப்பு வழங்குகிறார். வீரமறவர் கதைகளை இரவு பகலாகப் படித்து அறிவு கலங்கிப்போன வீட்டுத் தலைவர் உறங்கிக்கொண்டிருக்கிறார். அவருடைய நூலறையில் நூற்றுக்கு மேற்பட்ட பெருநூல்கள். நூல்களுக்குள் ஒளிந்திருக்கும் மந்திரவாதிகளை விரட்டுவதற்கெனப் பணிப்பெண் தீர்த்தத்தோடு வந்து நிற்கிறாள். வீட்டுத் தலைவரின் உடன்பிறந்தாள் மகளோ ஒன்றையும் விடாமல் எரித்துவிட வேண்டும் என்கிறாள். குருவானவர் இதற்கு இசையவில்லை. தலைப்பையேனும் பாராமல் எரிப்பது முறையன்று என்பது அவர் கட்சி. ஊர் நாவிதர் ஒவ்வொரு நூலாக எடுத்துக் கொடுக்க, விசாரணை தொடங்குகிறது.

'அமதிஸ்' என்னும் வீரகதையை, இவ்வகை நூல்களுக்கெல்லாம் மூலம் என்பதால் முதலில் எரிக்கச் சொல்கிறார். தன் வகையில் அதுவே தலைசிறந்தது என்று நாவிதர் பரிந்துபேச, அது தப்புகிறது. அதன் தொடர்ச்சியான நூலுக்கு அச்சலுகை இல்லை. தந்தையின் நற்பெயர் மகனைக் காக்காது என்று அது முற்றத்தில் எறியப்படுகிறது. வேறொரு நூலைக் குருவானவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்கிறார். காரணம், அதில் வரும் வீரர்கள் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், இறப்பதற்கு முன் உயில் எழுதிவிட்டுத் தம் கட்டிலிலேயே இறக்கிறார்கள். ஆயர் வாழ்வைப் பாடும் நூல் ஒன்றில் சில பகுதிகளை மட்டும் நீக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்கிறார். 'டான் குயிக்சாட்'டை எழுதிய செர்வாந்தெசின் இளமைக்கால நூலும் அவர் கையில் அகப்படுகிறது. அதன் இரண்டாம் பாகம் வரும்வரை தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது!

இக்குருவானவரை நமக்குப் பிடித்துப்போகிறது. அவர் அத்தனை நூல்களையும் படித்திருக்கிறார். ஆகவே ஒவ்வொன்றைப் பற்றியும் சொல்வதற்கு அவரிடம் ஏதோ ஒன்று உண்டு. ஆனால் நேரம் செல்லச்செல்ல அவர் களைத்துப்போகிறார். எஞ்சியவற்றைத் திறந்துகூடப் பாராமல் நெருப்பிலிடச் சொல்கிறார். அவற்றுள் காக்கத்தக்க நூல்களும் இருந்தன என்று ஆசிரியர் அடுத்த அதிகாரத்தில் மெல்லச் சொல்லிச் செல்கிறார். படித்துத் தீர்ப்பிடுவதும் படியாமல் தீர்ப்பிடுவதும் ஒரே மனிதரிடம் ஒரே நாளில் நிகழ்கின்றன. திருச்சபை புதினங்களைத் தரம் பிரித்த நெடிய வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு இவர் நினைவே வருகிறது.

திருத்தந்தை நான்காம் பவுல் 1559-இல் விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணையை வெளியிட்டார். திரெந்து பொதுச்சங்கத்தை ஒட்டி 1564-இல் திருத்திய அட்டவணை வந்தது. 1571-இல் இப்பணிக்கெனத் தனிப் பேராயமே நிறுவப்பட்டது. தப்பறை நூல்களைத் தடுப்பதே முதல் நோக்கமாக இருந்தது. கதைநூல்கள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவையே.

அவற்றுள் இத்தாலியரான பொக்காச்சியோவின் 'தெக்கமெரோன்' பட்ட பாடு தனிக்கதை. அதை அடியோடு இழக்க பிளாரன்சு நகரத்தார்க்கு மனமில்லை. எனவே உரோமையின் இசைவோடு திருத்திய பதிப்பொன்று 1573-இல் அங்கு அச்சிடப்பட்டது. திருத்தியது எதை? கதைகளில் ஒழுக்கம் தவறும் துறவியரும் கன்னியர் மடத்துத் தலைவியரும் இல்லறத்தாராக மாற்றப்பட்டனர். மடத்துத் தலைவி சீமாட்டியானாள். தவறுகளோ பெரும்பாலும் இருந்தபடியே இருந்தன. வாசகரின் கற்பைக் காட்டிலும் அங்கியின் மானமே திருத்தியவர்களுக்குப் பெரிதாகத் தோன்றியது என்று சொன்னால் அது மிகையாகாது. 'டான் குயிக்சாட்'டும் தப்பவில்லை. 1632-ஆம் ஆண்டு ஸ்பானிய அட்டவணை அதன் இரண்டாம் பாகத்திலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தை நீக்கச் சொன்னது. அரைமனத்தோடு செய்யும் அறச்செயலுக்குப் பேறில்லை என்ற கருத்துடைய வாக்கியம் அது!

இவற்றைக் கொண்டு திருச்சபைக்குப் படிக்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டுவோர் உளர். அவர்கள் ஓர் ஆவணத்தை மறந்துவிடுகின்றனர். கல்வியிற் சிறந்த திருத்தந்தையாகிய பதினான்காம் பெனடிக்ட், 1753 சூலையில், நூல்களை ஆராயும் முறைபற்றிச் சட்டம் ஒன்றை இயற்றினார். நூலின் பொருளில் தேர்ச்சியுடையவரிடமே அது தரப்பட வேண்டும். சாய்வில்லாத மனத்தோடு அவர் படிக்க வேண்டும். ஒரு வரியைப் பிய்த்தெடுத்துக் குற்றம் காணலாகாது. நூல் முழுவதையும் புரட்டி, ஓரிடத்தில் சொன்னதை இன்னோரிடத்தில் சொன்னதோடு ஒப்பிட்டாலன்றி ஆசிரியரின் கருத்தை அறிய இயலாது. நற்பெயருடைய கத்தோலிக்க ஆசிரியராயின், அவர் தரப்பையும் கேட்பது நலம். முதல் ஆய்வாளர் தடைசெய்யச் சொன்னால், அவர் பெயரை மறைத்து இரண்டாம் ஆய்வாளரிடம் தர வேண்டும். ஐந்து நட்சத்திரங்களுக்கு இத்தனை என்று புதினங்களுக்கு மதிப்பெண் இடும் இக்காலத்து வாசகர்கள்கூட இவ்விதிகளை எழுதி எதிரில் வைத்துக்கொள்ளலாம் என்றே நாம் கருதுகிறோம்.

விதி நன்று. அது எப்போதும் கடைப்பிடிக்கப்பட்டதா என்பதே வினா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டில் புதினம் வெள்ளமெனப் பெருகிற்று. செய்தித்தாளில் நாள்தோறும் தொடர்கதை, மறுநாளுக்காகக் காத்திருக்கும் வாசகர் கூட்டம், உடனுக்குடன் பிறமொழிகளில் பெயர்ப்பு. ஒவ்வொன்றையும் படித்து முடிப்பதற்குள் பத்து நூல்கள் புதிதாக வந்துவிடும். பேராயம் களைத்துப்போயிற்று. 1863-இல் அலெக்சாந்தர் தூமா, அவர்தம் மகன் ஆகிய இருவர் பெயருக்கும் எதிரே 'காதற்கதைகள் அனைத்தும்' என்னும் ஒரே தொடர் எழுதப்பட்டது. மறு ஆண்டில் ஸ்தாந்தாலுக்கும் பால்சாக்கிற்கும் அதே தீர்ப்பு. 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' காதற்கதையா, பழிவாங்கும் கதையா? ஏதோ ஒரு மலையூரின் பங்குத்தந்தை இதை எவ்வாறு முடிவு செய்வார்? எஞ்சியவற்றைத் திறவாமலே நெருப்பிலிடச் சொன்ன குருவானவரை மீண்டும் இங்குக் காண்கிறோம்.

அந்த 1864-ஆம் ஆண்டிலேயே விக்தர் ஹியூகோவின் 'லே மிசராபிள்' அட்டவணையில் ஏறியது. சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த 'ஏழை படும் பாடு' இதுவே. சிறையினின்று மீண்டவன் வெள்ளித் தட்டுகளைத் திருடிச் செல்கிறான். காவலர் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தும்போது, அவை தாம் கொடுத்தவையே என்று சொல்லி விளக்குத் தண்டுகளையும் சேர்த்து வழங்குகிறார் ஆயர். மன்னிப்பைப் பற்றிப் பேசும் மறையுரையாளர் விரும்பி எடுத்தாளத்தக்க காட்சி இது. அப்புதினம் 1959 வரையில் அட்டவணையில் இருந்தது. 1950-இல் நாகையா நடித்த தமிழ்த் திரைப்படம் ஓடிக்கொண்டிருந்தபோது, அதன் மூலநூல் கத்தோலிக்கருக்குத் தடை செய்யப்பட்டதாகவே இருந்தது என்பதை எத்தனை பேர் அறிந்திருப்பர்!

நேர்மாறான செய்தியும் ஒன்றுண்டு. அடிமை முறையைச் சாடிய அமெரிக்கப் புதினமான 'டாம் மாமாவின் குடிசை'யும் 1853-இல் உரோமையின் ஆய்வுக்கு உட்பட்டது. எழுதியவர் பிரிவினை சபையைச் சார்ந்த பெண்மணி. எனினும் அது தடை செய்யப்படாமலே விடப்பட்டது. இத்தகைய விடுதலைகள் எங்கும் அச்சிடப்படுவதில்லை. 1998-இல் பேராயத்தின் ஆவணக் காப்பகம் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்ட பின்னரே இது வெளியுலகுக்குத் தெரிந்தது. பழிமட்டும் எஞ்சிப் பொறுமை மறைந்துபோனதில் பேராயத்தின் மௌனத்திற்கும் பங்குண்டு.

தீர்ப்பின் வலி எத்தகையது என்பதை அறிய விரும்புவோர் இத்தாலிய எழுத்தாளர் அந்தோனியோ பொகாத்சாரோவை நினைத்துப் பார்க்கலாம். ஆழ்ந்த பக்தியுடையவர். 1905-இல் வெளிவந்த அவருடைய 'புனிதர்' என்னும் புதினத்தில், பொதுநிலையினர் ஒருவர் திருத்தந்தையின் முன் சென்று, திருச்சபையை வாட்டும் தீய ஆவிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்துச் சீர்திருத்தம் வேண்டுகிறார். 1906-இல் நூல் அட்டவணையில் சேர்ந்தது. பொகாத்சாரோ எதிர்த்து எழுதவில்லை. பணிந்தார். அவரைச் சூழ்ந்திருந்த முற்போக்காளர் இதைக் கோழைத்தனம் என்று ஏசினர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஆயினும், பணிந்தவரின் அடுத்த புதினமும் அவர் 1911-இல் மறைந்த சில வாரங்களுக்குள் விலக்கப்பட்டது என்பதைப் படிக்கும்போது மனம் கனக்கவே செய்கிறது.

உரோமை பெயர்களை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. பிள்ளைகளின் கையில் எந்தப் புதினத்தைத் தரலாம் என்று கேட்ட தாய்க்கு அங்கே விடை இல்லை. அந்த இடத்தை நிரப்ப வந்தவர் வடபிரான்சைச் சேர்ந்த லூயி பெத்லேம் அடிகளார். 'படிக்க வேண்டிய புதினங்களும் விலக்க வேண்டிய புதினங்களும்' என்னும் அவருடைய நூல் 1904-இல் வெளிவந்தது. அட்டவணையில் உள்ளவை, அதில் இல்லாவிடினும் தீயவை, உலகறிந்த பெரியோர் மட்டும் படிக்கத்தக்கவை, நற்பயிற்சி பெற்றோர் அச்சமின்றிப் படிப்பவை, இளையோர்க்கு உரியவை, சிறுவர்க்கு உரியவை என அவர் படிநிலைகளை வகுத்தார். அக்காலத்துப் புதின ஆசிரியர்களையெல்லாம் அவற்றுள் பங்கிட்டார். 1932-க்குள் பதினொரு பதிப்புகள், ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட பிரதிகள். பங்கு நூலகங்களுக்கு அதுவே கைவிளக்காயிற்று.

நல்லெண்ணம் கொண்ட அயரா உழைப்பாளி அவர். அதில் ஐயமில்லை. ஆனால் கடைவீதியில் பொதுமக்கள் முன்னிலையில் இதழ்களைக் கிழித்தெறிந்து வழக்குமன்றம் வரை சென்றவர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய அளவுகோலில் நூலின் அழகுக்கு இடமில்லை. 'இதனால் யாருக்குக் கேடு?' என்ற ஒரே கேள்வியே எல்லா நூலுக்கும் முன்வைக்கப்பட்டது. பெற்றோர்க்கு உரிய கேள்விதான். ஆனால் ஒரு நாட்டின் இலக்கியம் முழுவதையும் பிள்ளைகளின் படுக்கையறை வாயிலில் நிறுத்தி அளக்க இயலுமா?

இவ்வரலாற்றின் கடைசிப் பெரும் வழக்கு கிரஹாம் கிரீனுடையது. மதம் மாறிக் கத்தோலிக்கரான இவ்வாங்கிலேயர் 1938-இல் மெக்சிகோ சென்று, அங்கே குருக்கள் வேட்டையாடப்பட்டதன் வடுக்களைக் கண்டு வந்தார். 1940-இல் 'வல்லமையும் மாட்சியும்' வெளிவந்தது. கதைத் தலைவர் ஒரு குரு. குடிகாரர், ஒரு குழந்தைக்குத் தந்தை, கோழை என்று தம்மைத் தாமே வெறுப்பவர். ஆயினும் சாகக்கிடக்கும் ஒருவனுக்கு ஒப்புரவு வழங்க, பொறியெனத் தெரிந்தும் திரும்பிச் சென்று பிடிபட்டுச் சுடப்படுகிறார். ஒருபுறம் இதைப் படித்து விம்மியோர் பலர். மறுபுறம் முறையீடுகள் உரோமைக்குச் சென்றன. அட்டவணைப் பேராயம் 1917-இல் கலைக்கப்பட்டபின் இப்பொறுப்பை ஏற்றிருந்த 'புனித அலுவலகம்' நூலை இரு ஆலோசகரிடம் தந்தது. அவர்கள் அதை விரும்பவில்லை. எனினும் வெளிப்படையாகத் தடை செய்யச் சொல்லவும் இல்லை. ஆயர் வழியாக ஆசிரியரைக் கண்டித்தால் போதும் என்றனர்.

அதே வேளையில் வத்திக்கான் செயலகத்தில் பணிபுரிந்த மொந்தீனி என்னும் குரு 1953 அக்டோபரில் புனித அலுவலகத்துக் கர்தினால் பிசார்தோவுக்கு மடல் எழுதினார். அவர் அப்புதினத்தைப் படித்திருந்தார். தனிச்சிறப்புடைய இலக்கியம் என மதித்தார். அறிஞரான தெ லூக்கா அடிகளாரிடமும் கருத்துக் கேட்கும்படி வேண்டினார். தெ லூக்கா தம் அறிக்கையில் ஒளிவுமறைவின்றி எழுதினார். இத்தகைய எழுத்தாளரைக் கண்டித்தால், நாம் காலத்தில் பின்தங்கியோர் என்பதோடு நம் தீர்ப்புக்கு எடையில்லை என்பதும் வெளிப்படும் என்பது அவர் கருத்து. எனினும் மடல் போயிற்று. வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் கிரிபின் கிரீனை அழைத்து அதைப் படித்துக் காட்டினார். நூல் முரண்படப் பேசுகிறது, வழக்கத்திற்கு மாறான சூழ்நிலைகளைக் கையாளுகிறது, திருத்தாமல் மறுபதிப்பிடலாகாது என்றது மடல். பதிப்புரிமை பல நாட்டுப் பதிப்பாளர்களிடம் இருப்பதால் தம்மால் ஒன்றும் செய்ய இயலவில்லை என்று கிரீன் மிகப் பணிவாகப் பதில் எழுதினார். அதற்குமேல் எவரும் வற்புறுத்தவில்லை.

1966 சூன் 14 அன்று, அட்டவணைக்கு இனிச் சட்ட வலிமை இல்லை என்று உரோமை அறிவித்தது. அதற்கு ஓராண்டு முன்னதாக, 1965 சூலையில், கிரீன் வத்திக்கானில் திருத்தந்தையைச் சந்தித்தார். ஆறாம் பவுல் என்னும் பெயரோடு அன்று அரியணையில் இருந்தவர் அந்த மொந்தீனியே. தாம் படித்த கிரீனின் நூல்களை எடுத்துச் சொன்னபோது 'வல்லமையும் மாட்சியும்' என்பதையும் அவர் குறிப்பிட்டார். அது புனித அலுவலகத்தால் கண்டிக்கப்பட்ட நூலாயிற்றே என்றார் கிரீன். கண்டித்தவர் யார் என்று திருத்தந்தை கேட்டார். கர்தினால் பிசார்தோ என்று விடை வந்தது. அப்பெயரை ஒருமுறை தாமும் சொல்லிப் பார்த்துப் புன்னகைத்த திருத்தந்தை, உம் நூல்களின் சில பகுதிகள் கத்தோலிக்கர் சிலரைப் புண்படுத்தத்தான் செய்யும், அதை நீர் பொருட்படுத்த வேண்டாம் என்று கிரீனிடம் கூறினார்.