வீட்டுத் தோட்டத்திலிருந்து வெளிக்கோள்கள்

வியாழனையும் சனியையும் படம் எடுப்பது என்றால் மலை உச்சி, பெரிய ஆய்வுக்கூடம், கோடிக்கணக்கில் செலவு என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வெளிக்கோள்களைப் பற்றிய முக்கியமான கண்டுபிடிப்புகள் சில, வீட்டுக் கொல்லையில் நின்றவர்களால் நடந்தவை. அவர்களில் பலருக்கு வானியல் தொழிலே அல்ல.

முதலாமவர் வில்லியம் ஹெர்ஷல். இங்கிலாந்தின் பாத் நகரில் இசை ஆசிரியராக இருந்தவர். தாமே தேய்த்து மெருகேற்றிய ஆறு அங்குலச் சொச்சம் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்டு தொலைநோக்கி செய்துகொண்டார். 1781 மார்ச் 13 இரவு, வீட்டுத் தோட்டத்திலிருந்து யுரேனஸைக் கண்டார். முதலில் அதை வால்நட்சத்திரம் என்றே எண்ணினார்.

அடுத்தவர் வில் ஹே. பிரிட்டனில் அந்நாளில் புகழ்பெற்ற நகைச்சுவை நடிகர். 1933 ஆகஸ்ட் 3 அன்று, லண்டனில் தம் வீட்டிலிருந்த 6 அங்குலத் தொலைநோக்கியில் சனியின் மேல் பெரிய வெள்ளைப் புள்ளி ஒன்றைப் பார்த்தார். அது சனியில் எழுந்த மாபெரும் புயல்.

இருவரும் கண்ணால் பார்த்தவர்கள். கேமராவுக்கு அப்போது ஒரு தடை இருந்தது. நம் தலைக்கு மேலுள்ள காற்று எப்போதும் அசைகிறது. வெயிலில் தார் ரோட்டின் மேல் காட்சி நெளிவதைப் போலத்தான். ஃபிலிமில் கோளின் படம் பதியச் சில விநாடிகளாவது வேண்டும். அதற்குள் உருவம் கலங்கிவிடும். கண்ணோ, காற்று அடங்கும் நொடியைப் பிடித்துக்கொள்ளும்.

2000-க்குப் பிறகு நிலைமை மாறியது. கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேச வந்த வெப்கேமராவைச் சிலர் தொலைநோக்கியில் பொருத்தினார்கள். வீடியோவாக ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்து, தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி, மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால், சில நிமிடங்களுக்குள் எடுத்து முடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பிலிப்பைன்ஸின் செபு நகரில் வசிக்கும் கிறிஸ்டோபர் கோ, 11 அங்குலத் தொலைநோக்கியில் இப்படித்தான் எடுத்து, வியாழனின் வெண்ணிறப் புயல் ஒன்று சிவப்பாக மாறியிருப்பதை 2006 பிப்ரவரியில் கண்டார்.

2009 ஜூலை 19 இரவு நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரியது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவுக்கு அருகே மரம்பேட்மன் என்ற ஊரில், ஆன்டனி வெஸ்லி என்ற கணினி நிரலாளர் தம் 14.5 அங்குலத் தொலைநோக்கியில் வியாழனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காற்று சரியில்லை. மூட்டை கட்டிவிடலாம் என்று நினைத்தவர், இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம் என்று இருந்துவிட்டார். கோளின் தென்துருவப் பக்கம் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. நிலவின் நிழலோ? அந்த இடத்தில் நிழல் விழ வழியில்லை. அந்த அளவிலும் வராது. மேலும், அது அருகிலிருந்த புயலோடு சேர்ந்து ஒரே வேகத்தில் நகர்ந்தது. அப்படியானால் அது மேகத்தின் மேலேயே இருக்கிறது. இரண்டு நாள் முன்பு அவரே எடுத்த படங்களில் அது இல்லை. ஏதோ ஒன்று வந்து வியாழனில் மோதியிருக்கிறது!

உடனே விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். மறுநாளே ஹவாயிலுள்ள நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி அதை உறுதி செய்தது. ஜூலை 23 அன்று, பழுதுபார்த்த பின் சோதனையில் இருந்த ஹப்பிள் தொலைநோக்கியையும் அந்தப் பக்கம் திருப்பினார்கள். சரியாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், 1994 ஜூலையில், வியாழனில் வால்நட்சத்திரம் மோதியது. ஆனால் அது மோதும் என்று முன்கூட்டியே தெரியும். இந்த முறை எவருக்கும் தெரியாது. அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று வியாழனில் ஒரு கணம் மின்னிய ஒளியையும் வெஸ்லிதான் பதிவு செய்தார். செபுவிலிருந்து கோ எடுத்த வீடியோவிலும் அது இருந்தது.

பெரிய தொலைநோக்கிகளின் நேரம் முன்பதிவிலேயே தீர்ந்துவிடுகிறது. தினமும் வியாழனைப் பார்த்திருக்க அவற்றால் முடியாது. அந்தக் காவல் வேலையை இன்றும் செய்பவர்கள் பொழுதுபோக்காளர்களே.

இதை நம் இதழில் எழுதக் காரணம் உண்டு. செபு நகரம் ஏறக்குறைய நம் தமிழ்நாட்டின் அட்சரேகையிலேயே இருக்கிறது. கோள்கள் நமக்கும் தலைக்கு மேல் உயரமாக வரும். உயரம் கூடினால் குறுக்கே வரும் காற்று குறையும். கோள்கள் பிரகாசமானவை என்பதால் நகர வெளிச்சமும் பெரிய தடை அல்ல. ஆனால் பகல் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவில் வெகுநேரம் சூட்டை விடும். படம் தெளிய நள்ளிரவு தாண்ட வேண்டும். நம் மொட்டை மாடியோ இரவு பத்து மணிக்குப் பூட்டப்படுகிறது.

பாதுகாப்புக்காகப் பொதுக்குழு எடுத்த முடிவு அது, குறை சொல்லவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும், பொறுப்பான இருவர் கையெழுத்திட்டுச் சாவி வாங்கிக்கொள்ள அனுமதிக்கலாமா என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். மேல் மாடி வீட்டுக்காரர்களின் தூக்கம் கெடாமல் செருப்பைக் கழற்றிவிட்டே நடப்போம். ஆதரிப்பவர்கள் அன்று மறக்காமல் வந்து கை தூக்குங்கள்.