தோம்பிலிருந்து சஹானா வரை

கொழும்பு கோட்டையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகையிரதப் பாதை வெள்ளவத்தையை அடையும்போது கடலை மிகவும் நெருங்கிவிடுகிறது. அங்கு வாழ்வோர்க்கு அலையோசையும் வண்டியோசையும் வேறு வேறல்ல. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி, பூரணை விடுமுறை நாளன்று காலையில், இவ்வழியே சென்ற ஒரு புகையிரதம் காலி மாவட்டத்துப் பெரலிய என்னும் ஊரருகே ஆழிப்பேரலையில் அகப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவ்வொரு வண்டியோடு மாண்டனர். அன்று இலங்கை முழுவதிலும் இறந்தோர் 30,000க்கு மேற்பட்டவர். வீடிழந்து இடம்பெயர்ந்தோர் பல இலட்சத்தவர்.

நேயர்களே, அலை வடிந்த பின்னர் எழுந்த துயரம் ஒன்றைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அது தேடுதலின் துயரம். தாயைத் தேடிய மகனும், பிள்ளையைத் தேடிய தந்தையும் வைத்தியசாலைக்குப் போயினர். அங்கே ஓர் இடாப்பு இருந்தது. பொலிஸ் நிலையத்துக்குப் போயினர். அங்கே வேறோர் இடாப்பு இருந்தது. கோயிலிலும் பன்சலையிலும் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் அமைந்த முகாம்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனிப் பட்டியல்கள் இருந்தன. தேடப்பட்டவரின் பெயர் ஏதோ ஓர் ஏட்டில் எழுதப்பட்டே இருக்கலாம். எந்த ஏட்டில் என்பதைச் சொல்வார்தாம் இல்லை. பல ஏடுகளையும் ஒரே வினாவுக்கு விடை சொல்லும்படி இணைப்பது எவ்வாறு? கணினிக் காலத்தில் எழுந்த வினாப்போலத் தோன்றும் இதற்கு, நம் நாட்டில் நெடிய வரலாறு உண்டு.

கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டில் வுல்வெண்டால் தேவாலயம் நிற்கின்றது. 1757ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் வழிபாட்டுக்கு அர்ப்பணித்த கோயில் அது. அவ்வொல்லாந்தர் ஆட்சியில் மிகக் கவனத்துடன் பேணப்பட்ட பொருள்களுள் ஒன்று தோம்பு. போர்த்துக்கேயர் இங்கு கொணர்ந்த சொல் அது. ஒல்லாந்தர் அச்சொல்லை ஏற்று, முறையை விரிவாக்கினர். தோம்புகள் ஒரே வகையின அல்ல. குடும்பத் தலைவரையும் மனைவி மக்களையும், அவர்தம் வயதையும் ஊழியக் கடமையையும் பதிந்தது தலைத்தோம்பு. அக்குடும்பத்தின் காணிகளையும் தோட்டங்களையும் பதிந்தது காணித்தோம்பு. திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிந்தது பள்ளித்தோம்பு. இப்பள்ளித்தோம்பை எழுதி வந்தவர் ஊர்ப் பள்ளி ஆசிரியரே என்பது, ஆசிரியத் தொழிலில் நரைத்த என் போன்றோர்க்குச் சற்றுப் பெருமை தரும் செய்தியாகும்.

ஓர் ஏட்டில் ஆள். மற்றோர் ஏட்டில் நிலம். பிறிதோர் ஏட்டில் பிறப்பும் மணமும். மூன்றையும் சேர்த்துப் படித்தாலன்றி ஒருவனின் உரிமை முழுமையாகத் தெரியாது. ஆகவே ஒல்லாந்தர் காலத்துக் கந்தோர்களில், ஏடுகளை அறிந்த எழுத்தனே இணைப்புக் கருவியாக இருந்தான். வழக்காளி வினாவினான், எழுத்தன் ஏடுகளைப் புரட்டி ஒரு பிரதி எழுதிக் கொடுத்தான். 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்த பின்னரும், பிரித்தானியர் கால நீதிமன்றங்களில் தோம்பின் பிரதிகள் சான்றாகக் காட்டப்பட்டன. எஞ்சிய தோம்புகள் பல இன்று கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன.

பிரித்தானியர் காலத்திலும் சுதந்திரத்தின் பின்னரும் இடாப்புகள் பெருகின. பிறப்பு இறப்புப் பதிவு ஓரிடம். காணிப் பதிவு ஓரிடம். வாக்காளர் இடாப்பு ஓரிடம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த ஆட்பதிவு மற்றோரிடம். ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்பத் தன் வடிவத்தை வகுத்துக்கொண்டது. ஏடுகள் கணினிக்குள் புகுந்தபோது இந்தப் பிரிவினையும் உடன் புகுந்தது. ஒரு திணைக்களத்தின் கணினி பிறந்த நாளை முதலில் எழுதும். மற்றொன்று ஆண்டை முதலில் எழுதும். ஒன்றில் தந்தை பெயர் முன்னே நிற்கும். மற்றொன்றில் அது தனிக்கட்டத்தில் இருக்கும்.

இப்பிரிவினையைத் தீர்க்கக் கணினி அறிஞர் கண்ட வழியை எளிய உவமையால் விளக்கலாம். பல அறைகளில் பல அலுமாரிகள் இருக்கின்றன எனக் கொள்வோம். கேட்க வருபவரை ஒவ்வோர் அறைக்கும் அலையவிடாமல், முன்வாசலில் ஒரேயொரு யன்னலை அமைக்கிறோம். எந்த வடிவத்தில் வினாவ வேண்டும், எந்த வடிவத்தில் விடை கிடைக்கும் என்பதை அங்கே எழுதி வைக்கிறோம். இந்த யன்னலையே கணினித் துறையினர் ஏபிஐ எனச் சுருக்கப் பெயரால் வழங்குகின்றனர். யன்னலுக்கு உட்புறம் நிற்கும் இணைப்பு மென்பொருள், வந்த வினாவை ஒவ்வோர் அலுமாரியின் மொழிக்கும் மாற்றிக் கேட்டு, கிடைத்த விடைகளை ஒழுங்குபடுத்தி ஒரே விடையாகத் தருகிறது. பழைய கந்தோர் எழுத்தன் செய்த வேலையே இது. வேகமும் அளவுமே வேறு.

இதனை இரு வகையாகச் செய்யலாம். எல்லா அலுமாரிகளிலும் உள்ளவற்றைப் பிரதி செய்து ஒரு பெருங் களஞ்சியத்தில் சேர்ப்பது ஒரு வகை. ஏடுகளை அவ்வவ் வீட்டிலேயே விட்டு, கேட்கப்படும்போது மட்டும் வேண்டியதை எடுத்து வருவது மற்றொரு வகை. முன்னதில் விரைவு உண்டு; ஆனால் மூல ஏடு திருத்தப்படும்போது பிரதி பழையதாகிவிடும். பின்னதில் புதுமை உண்டு. ஆனால் ஓர் அலுமாரி பூட்டிக் கிடந்தால் விடை குறைபடும்.

இக்கலையில் கொழும்பு நகரம் வெறும் மாணவனாக இருக்கவில்லை. 2003இல் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேசன் என்னும் அமைப்பு இங்கு தோன்றியது. எவரும் பார்த்துத் திருத்தி வழங்கத்தக்க திறந்த மூல மென்பொருளை ஆக்குவது அதன் நோக்கம். வெவ்வேறு கணினிகள் வலையூடாக உரையாடுவதற்கான ஆக்ஸிஸ் 2 என்னும் மென்பொருளின் ஆக்கத்தில் இலங்கைப் பொறியியலாளர் முதன்மைப் பங்கு கொண்டனர். 2005இல் சஞ்ஜீவ வீரவரணவும் அவருடைய தோழர்களும் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்னும் நிறுவனம், பல தரவு மூலங்களை ஒரே யன்னலூடாக வழங்கும் கருவிகளை உலகெங்கும் அனுப்பலாயிற்று.

ஆழிப்பேரலை வந்தபோது இத்தகைய பயிற்சி பெற்ற இளைஞர் கொழும்பில் இருந்தனர். தொண்டர்களாகத் திரண்ட அவர்கள், சில வாரங்களுள் சஹானா என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல்லுக்கு ஆறுதல், நிவாரணம் என்பன பொருள். காணாமற்போனோர் இடாப்பு, முகாம்களின் இடாப்பு, உதவி அமைப்புகளின் இடாப்பு, எங்கே எது தேவை என்னும் வேண்டுகோள் இடாப்பு ஆகிய நான்கும் அதில் ஒன்றோடொன்று பேசின. அனர்த்தத்தின்பின் அரசாங்கம் நிறுவிய தேசிய செயற்பாட்டு நிலையம் அதனைப் பயன்படுத்தியது. 2005இல் பாகிஸ்தானின் நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்திலும் அம்மென்பொருள் உதவிற்று. சமூக நன்மைக்கான கட்டற்ற மென்பொருள் விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கு அளிக்கப்பட்டது. நம்மவர் துயரில் பிறந்த கருவி பிறர் துயரில் துணையானது என்பதை மறத்தலாகாது.

அதே காலத்தில் அமெரிக்காவும் இந்தப் பாடத்தைக் கற்றது. 2005 ஓகஸ்டில் கத்ரினாப் புயல் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது, காணாமற்போனோர் பட்டியல்கள் இணையத்தில் பல இடங்களில் தனித்தனியே எழுந்தன. அவற்றை இணைப்பதற்காகக் கா-பிங் யீ என்பவரின் முயற்சியால் ஒரு பொது வடிவம் அடுத்த மாதமே வகுக்கப்பட்டது. ஹெயிற்றி நிலநடுக்கத்தின்போது கூகுள் நிறுவனம் அமைத்த ஆள்தேடும் ஏற்பாடு இவ்வடிவத்தையே கைக்கொண்டது. அதில் இரண்டு சிறப்புகள் உள. ஒவ்வொரு குறிப்பும் எந்த மூலத்தில் பிறந்தது என்பதைத் தன்னுடனேயே சுமந்து செல்லும். எனவே பட்டியல்கள் கலந்தாலும் சொன்னவர் யார் என்பது மறையாது. மேலும், பின்வந்த பதிப்புகளில், ஒரு குறிப்பு எந்நாளில் அழிக்கப்பட வேண்டும் என்பதையும் எழுதி வைக்க இடம் தரப்பட்டது.

ஆயினும் கருவியால் மட்டும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. அது பெயர். சண்முகநாதன் என்னும் பெயரைத் தமிழில் ஒரே விதமாக எழுதுவோம். ஆங்கில எழுத்தில் அதனை நான்கு கந்தோர்களில் நான்கு விதமாக எழுதுவர். சிங்களத்தில் எழுதியவர் காதால் கேட்டவாறு எழுதியிருப்பார். முதலெழுத்து ஓரிடத்தில் விரியும், ஓரிடத்தில் சுருங்கும். கணினி இந்நால்வரையும் நான்கு ஆட்களாகக் கொள்ளலாம். அல்லது இருவேறு சண்முகநாதர்களை ஒருவராக்கிவிடலாம். முன்னைய பிழையால் தேடும் தாய் மகனைக் காணாள். பின்னைய பிழையால் உயிரோடிருப்பவன் இறந்தோர் பட்டியலில் சேர்ந்துவிடுவான். ஆகையால், ஐயமுள்ள இடத்தில் மனிதர் ஒருவர் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது இத்துறையில் அடிப்படை விதியாகும்.

இணைப்பின் நன்மையைப் பேசிய நாம் அதன் அச்சத்தையும் பேசாதிருத்தல் நேர்மையாகாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த மூத்தோர்க்கு நான் இதனை விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில், தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றோர் கைகளில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன என்பது பின்னர் எழுந்த பல நூல்களிலும் அறிக்கைகளிலும் பதிவாகியுள்ளது. வாக்குரிமையைக் காக்க எழுதப்பட்ட ஏடு, வாசலை அடையாளங் காட்டும் ஏடாக மாறிற்று. ஓர் இடாப்பே அத்துணைத் தீங்குக்கு உதவுமாயின், பத்து இடாப்புகள் ஒரே யன்னலில் கூடும்போது காவல் எத்துணை வேண்டும்! யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், கேட்டது எங்கே குறித்து வைக்கப்படுகிறது என்னும் மூன்று வினாக்களையும் அந்த யன்னலே கேட்டாக வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய காவலுக்கு அடியிட்டது.

காவலுக்கு அஞ்சி இணைப்பையே கைவிடலாமோ எனில், அதுவும் தகாது. போரிலும் கிளர்ச்சிகளிலும் காணாமற்போனோரைத் தேடும் குடும்பங்கள் இந்நாட்டில் பல. அவர்கள் ஓர் ஆணைக்குழுவின் முன் சொன்னதை அடுத்த ஆணைக்குழுவின் முன் மீண்டும் சொன்னார்கள். ஒரு கந்தோரில் தந்த புகைப்படத்தை இன்னொரு கந்தோரிலும் தந்தார்கள். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தை அமைத்தபோது, முன்னைய ஆணைக்குழுக்களும் திணைக்களங்களும் பிற அமைப்புகளும் திரட்டிய தரவுகளை ஒன்றுசேர்த்து, ஒரே தரவுத்தளத்தில் மையப்படுத்துவதை அதன் கடமைகளுள் ஒன்றாக விதித்தது. விடை பெறாத குடும்பங்கள் இன்னும் காத்திருக்கின்றன. ஏடுகளை இணைத்தால் மட்டும் உண்மை வெளிப்பட்டுவிடாது. உண்மையைச் சொல்லும் மனமும் வேண்டும். எனினும், ஒரு தாய் தன் மகன் பெயரைப் பத்தாவது முறையும் புதிதாகச் சொல்லும் கொடுமையையேனும் இணைந்த ஏடு நீக்கும்.

நேயர்களே, இத்தனை பெரிய ஏற்பாடுகளுக்கும் தொடக்கம் மிகச் சிறியது. பள்ளித்தோம்பை எழுதிய அக்கால ஆசிரியரைப்போல, இன்றும் ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் ஓர் ஆசிரியர் சேர்வு இடாப்பைத் திறந்து பிள்ளையின் பெயரை எழுதுகிறார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை அருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் பிழையற எழுதுதல் வேண்டும். பெற்றோரும் அதனை வாசித்துப் பார்த்தே கையொப்பமிடுதல் வேண்டும். ஒரு நாள் எவரேனும் அந்தப் பெயரைத் தேடி வரக்கூடும்.