புள்ளி விட்ட இடம்

2003ஆம் ஆண்டு. தமிழ் முதுகலை முடித்திருந்தேன். கல்லூரி வேலை எங்கும் கிடைக்கவில்லை. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவைச் சேர்ந்த மூன்று பேர் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த இரவுப் பணியில் நானும் சேர்ந்துகொண்டேன். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்ற சொல் அந்நாட்களில் புதுவைச் சுவர்களிலெல்லாம் ஒட்டப்பட்டிருந்தது. ஆறு மாதப் பயிற்சி, அதன்பின் வேலை என்று விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க மருத்துவர் தம் நோயாளியைப் பார்த்து முடித்தபின் ஒலிவாங்கியில் பேசிவைப்பார். அந்த ஒலிக்கோப்பு கணினிவழி நம் ஊருக்கு வரும். காதில் ஹெட்ஃபோனும், காலடியில் ஓட்டவும் நிறுத்தவும் ஒரு மிதிகட்டையும் வைத்துக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டச்சுச் செய்து அனுப்ப வேண்டும். அவர்களுக்குப் பகல், நமக்கு இரவு. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு வரி என்று கணக்கு; வரிக்கு இவ்வளவு என்று கூலி. விடியற்காலையில் மாதா கோயிலைக் கடந்து வீடு திரும்பும்போது, கண்டறியாத ஊர்களின் இருதயங்களும் சிறுநீரகங்களும் காதுக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

தமிழ் படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். என் தந்தையாரும் கேட்டார். அப்போது எனக்கு விடை தெரியவில்லை. பிற்பாடு சுவடிப் பதிப்பு வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கியபோதுதான், அந்த இரண்டு ஆண்டுகளும் நான் செய்துவந்தது பாடபேத ஆராய்ச்சியே என்பது புலப்பட்டது.

எங்கள் எழுத்தைத் திருத்துவதற்கு ஓர் அம்மையார் இருந்தார். செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர். நாங்கள் மேடம் என்போம்; அவர் எல்லாரையும் தம்பி, பாப்பா என்பார். சேர்ந்த இரண்டாம் மாதம் மூட்டுவலி நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்பில், மெலாக்ஸிகாம் 50 மில்லிகிராம் என்று எழுதிவைத்தேன். மருத்துவர் ஃபிஃப்டீன் என்று தொடங்கிக் கடைசி ஒலியை விழுங்கிவிட்டிருந்தார். அம்மையார் என்னை அழைத்தார். “தம்பி, இந்த மருந்துல ஏழரை இருக்கு, பதினஞ்சு இருக்கு. அம்பதுன்னு ஒரு மாத்திரையே கெடையாது. காதுல சரியா விழலன்னா கோடு போட்டு வுட்டுடு. நீயா கத கட்டாத.”

கோடு போட்டுவிடு என்பதுதான் அத்தொழிலின் முதல் விதி. கேட்காத சொல்லுக்கு வெற்றிடம் விட்டு, ஒலிக்கோப்பில் அது வரும் நிமிடத்தையும் நொடியையும் குறித்துவைக்க வேண்டும். வெற்றிடம் மிகுந்தால் மதிப்பெண் குறையும். ஊகித்து எழுதிப் பிழையானால் அதைவிட மிகுதியாகக் குறையும். ஆயினும் ஊகிக்கவே கை துடிக்கும். வாக்கியம் நிரம்பியிருந்தால் அழகாயிருக்கிறதல்லவா?

உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களில் புள்ளிகளை இட்டு அப்படியே விட்டார். அவருக்கு யாப்புத் தெரியும். சங்கச் சொல்வளம் கைவசம் இருந்தது. தாமே ஒரு சீரை இட்டு நிரப்பியிருந்தால் பலருக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை. அவருக்கு முன்னும் பின்னும் அப்படி நிரப்பியவர்கள் உண்டு. அவர் விட்ட அந்தப் புள்ளிகளை வகுப்பில் காட்டும்போதெல்லாம் அம்மையாரின் குரல் எனக்குக் கேட்கும்.

புள்ளியைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் உண்டு. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை பொத்துப்போகும். ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் நிற்கும். அவற்றைக் கொம்பின் சுழியால் பிரித்துக் காட்டிய சீர்திருத்தம் வீரமாமுனிவர் பெயரால் வழங்குவது. எனவே ஏட்டைப் படிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் பொருளைக்கொண்டே உறுதிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. இலக்கிய ஏட்டில் இதனால் நேர்வது ஒரு பாடபேதம். வைத்திய ஏட்டில் அப்படியன்று. அங்கே சரக்கும் எடையும் செய்யுளுக்குள் அடைக்கப்பட்டிருக்கின்றன. எட்டு என்ற எண்ணின் தமிழ்க்குறி ஓலையில் அகரத்தைப் போன்றது; இரண்டின் குறி உகரம்; ஒன்றின் குறி ககரம். ‘எட்டும் இரண்டும் அறியாதவன்’ என்று சித்தர் மரபில் ஏளனம் செய்வதற்குள் இந்த அகர உகரக் கணக்குத்தான் ஒளிந்திருக்கிறது. கழஞ்சுக்குப் பின் வருவது எண்ணா எழுத்தா என்பதைப் படியெடுப்பவர் தவறவிட்டால், மருந்து நஞ்சாகலாம். வைத்தியர்கள் ஏட்டை மட்டும் நம்பாமல் ஆசானிடம் வாய்வழிப் பாடம் கேட்டதற்கு இரகசியம் காப்பது மட்டுமே காரணமாக இருந்திருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க மருத்துவத்திலும் புள்ளியே பகை. அரை மில்லிகிராம் என்பதை முன்னே சுழியம் இடாமல் வெறும் புள்ளியும் ஐந்துமாக எழுதினால், புள்ளி மங்கியதும் அது ஐந்தாகும், பத்து மடங்கு. ஒன்று என்பதை 1.0 என்று எழுதினால், புள்ளி மறைந்ததும் பத்தாகும். யூனிட் என்பதற்குச் சுருக்கமாக எழுதும் ‘யூ’ என்னும் ஆங்கில எழுத்தைக் கையெழுத்தில் அடி வளைத்து மூடிவிட்டால் சுழியம்போல் தோன்றும். அங்குள்ள மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டாணையம் 2004ஆம் ஆண்டில் இத்தகைய சுருக்கங்களைப் பட்டியலிட்டு, பயன்படுத்தவே கூடாது என்று விதித்தது. அந்தப் பட்டியலின் நகல் ஒன்று எங்கள் அறையின் சுவரிலும் ஒட்டப்பட்டது. ஆண்டாண்டுக்காலம் கையால் எழுதிக் கற்றுக்கொண்ட பாடம் அது.

கற்றும் தவறியதுண்டு. 2008ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட ஒரு நோயாளிக்கு 8 யூனிட் இன்சுலின் என்று மருத்துவர் சொன்னார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது 80 என்று எழுதப்பட்டது. எழுதப்பட்ட இடம் இந்தியா. அந்தத் தாளை நம்பி அவ்வளவு மருந்தும் ஏற்றப்பட்டது; நோயாளி இறந்துபோனார். 2012 டிசம்பரில் நடுவர் குழு 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அச்செய்தியைப் படித்த நாளில் நான் அந்த வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இருந்தும் அன்றிரவு உறக்கம் வரவில்லை. நான் விட்டுவந்த வரிகள் எத்தனை ஆயிரம்! அம்மையாரின் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை என்று யார் சொல்வது?

புதுவைக்காரர்க்கு எழுத்துப்பிழையின் விலை புதிதன்று. 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழிவந்த குடும்பங்கள் இங்கே உண்டு. பழைய பதிவேட்டில் பாட்டனார் பெயரின் உகரத்தை எழுத்தர் பிரெஞ்சு முறையில் இரண்டு எழுத்தால் எழுதியிருப்பார். பேரனின் சான்றிதழில் ஆங்கில முறையில் ஓர் எழுத்து இருக்கும். இருவரும் ஒரே குடும்பத்தவரே என்று நிறுவுவதற்குள் பேரனுக்கே நரைத்துவிடும். இது கிளைக்கதை, நிற்க.

ஒலியால் மயங்கும் சொற்களே எங்களுக்குப் பெருந்தொல்லை. இலியம் என்பது சிறுகுடலின் கடைப்பகுதி. அதே ஒலியுடைய இன்னொரு இலியம் இடுப்பெலும்பு. எழுதும்போது நடுவில் ஓர் எழுத்துத்தான் வேறு. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்குவதில் இடர். டிஸ்ஃபேஸியா என்றால் பேச்சில் இடர். ஹைப்பர், ஹைப்போ இரண்டும் ஒன்றுக்கொன்று நேரெதிர். விரைந்து பேசும் மருத்துவர் வாயில் இரண்டும் ஒன்றே. உறுப்பை உடலின் நடுக்கோட்டிலிருந்து விலக்குதல், நடுக்கோட்டை நோக்கிச் சேர்த்தல் என்னும் இரு அசைவுகளின் பெயரிலும் முன்னெழுத்து மட்டுமே மாறுவதால், கருணையுள்ள மருத்துவர்கள் ‘ஏ-பி’ என்றும் ‘ஏ-டி’ என்றும் எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். கருணையில்லாதவர்களே மிகுதி. லகர ளகர ழகரமும் ரகர றகரமும் வேறுபட்டுப் பொருள் மாறுவதைத் தொடக்கப்பள்ளி முதல் படித்து வந்த எங்களுக்கு இந்த நுட்பம் எளிதில் பிடிபட்டது என்பதைச் சற்றுப் பெருமையோடுதான் சொல்கிறேன். மேசைமேல் இருந்த துணைகள் இரண்டு: 1900ஆம் ஆண்டில் முதற்பதிப்புக் கண்ட டார்லண்டு அகராதி, 1911இல் வந்த ஸ்டெட்மன் அகராதி.

மருந்துப் பெயர்களின் கதை தனி. அமிலம் குறைக்கும் லோசெக் என்ற மருந்து, நீர்பிரிக்கும் லாசிக்ஸோடு மயங்குகிறது என்பதற்காக 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரைலோசெக் என்று பெயர் மாற்றப்பட்டது. மூட்டுவலிக்குச் செலிப்ரெக்ஸ், மனச்சோர்வுக்குச் செலெக்ஸா, வலிப்புக்குச் செரிபிக்ஸ்! இம்மூன்றையும் ஒரே காலத்தில் சந்தையில் உலவவிட்டவர்களைத் திட்டாத தட்டச்சர் எங்கள் அறையில் இல்லை. பெயரைப் பார்த்து ஐயம் தீராதபோது அம்மையார் நோயைப் பார்ப்பார். வலிப்பு என்ற பேச்சே இல்லாத நோயாளிக்கு வலிப்பு மருந்து ஏன் என்று கேட்பார். முன்பின் பார்த்துப் பாடம் தெளியும் உரையாசிரியர் முறையும் இதுவே.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயை நினைக்க வேண்டும். மாசச்சூசெட்ஸின் வூஸ்டரில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர், அமெரிக்க மிஷனின் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை அமைத்து, முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். அதற்கு நூல்கள் வேண்டுமே! அவரும் அவருடைய மாணவர்களும் மொழிபெயர்த்தார்கள். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம், மனுஷ சுகரணம் என்று நூல்கள் வந்தன. வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டு 1875இல் நாகர்கோவிலில் அச்சிட்டார்கள். அனாடமி அங்காதிபாதமாயிற்று, பிசியாலஜி சுகரணமாயிற்று. தமிழில் சொல் கிடைத்தால் தமிழ், இல்லையேல் வடமொழி, அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழொலிக்கு ஏற்பத் திரித்துக்கொள்வது என்பது அவர் கடைப்பிடித்த வரிசை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று உறுதிசெய்து, சொற்பட்டியல்களும் தொகுத்தார். அச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. சில கரடுமுரடானவை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் மாணவர்களின் கையெழுத்துப்படியில் ஒரே உறுப்புக்கு ஓரிடத்தில் ஒரு பெயரும் வேறோரிடத்தில் இன்னொன்றும் வந்தால் நோயாளிக்கு என்னவாகும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

என்னைக் கவர்ந்தது அதற்குப் பின் நடந்தது. உடல்நலம் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய கிறீன், 1884இல் இறக்கும்வரை அங்கிருந்தபடியே தமிழ் மருத்துவ நூல்களைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். வூஸ்டரின் பனிக்காலத்தில், கணப்படுப்பின் அருகே உட்கார்ந்து ஓர் அமெரிக்கர் தமிழ்ச் சொற்களைத் திருத்துகிறார். திருத்தியவை கப்பலேறி வருகின்றன. நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பின், புதுவையின் புழுக்கத்தில் மின்விசிறியடியில் அமர்ந்து, தமிழ் முதுகலைப் பட்டதாரி ஒருவன் அமெரிக்க மருத்துவரின் ஆங்கிலத்தைத் திருத்துகிறான். அது விடிவதற்குள் போய்ச் சேர்கிறது. அவர் ஊதியத்துக்குச் செய்யவில்லை, நாங்கள் வரிக்குக் காசு வாங்கினோம். வேறுபாடு பெரிதுதான். ஆனாலும் கல்லறையில் தம்மைத் தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்று பொறிக்கச் செய்த அந்த மனிதரோடு எனக்கு ஒரு தொழில் உறவு இருப்பதாகவே எண்ணிக்கொள்கிறேன்.

இன்று அத்தொழில் பெரிதும் சுருங்கிவிட்டது. குரலை எழுத்தாக்கும் மென்பொருள் வந்தது. எழுதியவர்கள் அது எழுதியதைத் திருத்துபவர்களானார்கள். 2018ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, மென்பொருள் தந்த முதற்படியில் நூறு சொல்லுக்கு 7.4 பிழை இருந்ததாகவும், மனிதர் திருத்தியபின் அது 0.4 ஆகக் குறைந்ததாகவும் கணக்கிட்டது. அந்த ஏழு சொல்லும் யாருடைய கண்ணில் பட்டன என்பதை ஆய்வேடுகள் அதிகம் பேசுவதில்லை. இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகளிடம் வேறொரு பழக்கம் தென்படுகிறது. பேசுபவர் மௌனமாக இருக்கும் இடத்தில், அவர் சொல்லவே சொல்லாத வாக்கியத்தை அவை எழுதிவிடுகின்றன. விஸ்பர் என்னும் பொறியைச் சோதித்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ நூற்றுக்கு ஓர் ஒலித்துணுக்கில் இத்தகைய இட்டுக்கட்டலைக் கண்டதாக 2024ஆம் ஆண்டில் தெரிவித்தார்கள். கோடு போட்டு விடுவதற்கு அதற்கு யாரும் கற்பிக்கவில்லை போலும்.

ஏட்டின் கடைசியில் எழுதியவர் தம் பெயரையும் எழுதி முடித்த நாளையும் குறித்து, எழுத்துப்பிழை சொற்பிழை இருப்பின் பொறுத்துத் திருத்திக்கொள்ளும்படி வேண்டுவது நம் மரபு. அமெரிக்க மருத்துவக் குறிப்புகளின் அடியிலும் ஒரு முடிவுரை உண்டு. சிலவற்றில், சொல்லப்பட்டது, ஆனால் படித்துப் பார்க்கப்படவில்லை என்னும் பொருள்பட ஒரு வரி இருக்கும். மருத்துவர் தம்மைக் காத்துக்கொள்வதற்காக எழுதுவது. அதன்கீழே சொன்ன நாள், எழுதிய நாள், மருத்துவர் பெயரின் முதலெழுத்துகள் பெரிய எழுத்தில், ஒரு சாய்கோடு, பிறகு எழுதியவர் பெயரின் முதலெழுத்துகள் சிறிய எழுத்தில். பொறுத்துக்கொள்ளும்படி கேட்க அங்கே இடமில்லை. எங்கெங்கோ அலமாரிகளிலும் கணினிகளிலும் என் இரண்டு சிற்றெழுத்துகள் இன்னும் இருக்கக்கூடும்.